சாவித்திரி சொன்ன வயல்

தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியின் கண் வார்டில் அமிர்தலிங்கத்தை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை அண்டக் கொடுத்திருந்தார்கள். தலை அசையக் கூடாது. அறுத்தது வலது கண்ணை மட்டும்தான். ஆனாலும் ஒன்று அசைந்தால் மற்றதும் சேர்ந்து அசையும் என்று இரண்டையும் மூடிக் கட்டியிருந்தார்கள்.

டாக்டர் சாவித்திரியை வார்டுக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "இருமக் கூடாது, தும்மக் கூடாது, குனியக் கூடாது. முக்கியமா கோபப்படக் கூடாதும்மா. ஓங்கிக் கத்தினாருன்னா தையல் பிரிஞ்சிடும். அப்புறம் அந்தக் கண்ணுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

சாவித்திரி தலையாட்டினாள். கேட்டதும் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில் ஓர் ஆறுதலும் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்கிற ஆறுதல். அது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கட்டிலுக்குத் திரும்பியபோது அமிர்தலிங்கம் விரல்களால் போர்வையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சும்மா கிடந்து பழகாத உடம்பு.

"சாவித்திரி, வாய்க்கா பங்குல ரெண்டாம் களை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க. நாம கெளம்பறதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு."

"தூரு கட்டியிருக்கா?"

"நல்லா கட்டியிருக்கு. தலைமாட்டுல மட்டும் கொஞ்சம் சோடை. அங்க தண்ணி நிக்கலை."

"அந்த மூலை எப்பவும் அப்படித்தான்" என்றார் அவர். கட்டுக்குள்ளே அந்த வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அவர் அப்படித்தான் வயல் பார்த்து வந்தார். கண்ணில் புரை விழ ஆரம்பித்து, முதலில் எழுத்து போய், பிறகு ஆள் முகம் போய், கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியிருந்தது. அவருடைய அண்ணனுக்கு அந்தக் காலத்தில் கண்ணை அறுத்துச் சீழ் பிடித்துப் போனதால், ஆஸ்பத்திரி என்றாலே இவர் ஒத்துக்கொள்ளவில்லை. தடவித் தடவி நடப்பதை ஊரார் பார்க்கக் கூடாது என்று தெருப்பக்கம் போவதையும் விட்டார். தினமும் சாயங்காலம் சாவித்திரி வயலுக்குப் போய்விட்டு வந்து சொல்வாள். எந்தத் தாக்கில் எவ்வளவு தண்ணீர், எங்கே பூச்சி, எங்கே பச்சை கறுத்திருக்கிறது, எங்கே கதிர் பொதி கட்டுகிறது. அவள் சொன்னதுதான் அவருக்கு வயல்.

அதில் ஒன்றை மட்டும் அவள் மாற்றிச் சொல்லியிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர் படுத்திருந்தார். அவருடைய மனைவி ஜன்னத் பீவி நல்ல பேச்சுக்காரி. இரண்டு பெண்களும் வராந்தாக் குழாயடியில் பாத்திரம் கழுவும்போது பழக்கமானார்கள். சொந்த ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்காத சாவித்திரி, இனிமேல் பார்க்கப் போவதில்லை என்பதாலோ என்னவோ, அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வாய்க்கால் ஓரத்து நிலமான அந்த வாய்க்கால் பங்கைத் துரைராசு என்பவன் பல வருஷமாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். ஆட்சி மாறியது. உழுகிற குத்தகைக்காரன் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பதிந்துவிட்டால் பிறகு அவனை அசைக்க முடியாது என்று ஊருக்கு ஊர் மிராசுதாரர்கள் குத்தகைக்காரர்களை முன்னதாகவே வெளியேற்றினார்கள். அமிர்தலிங்கத்துக்கு அப்போதே கண் மங்கிவிட்டது. "துரைராசை நிறுத்திடு. கூலியாள் வச்சு நாமளே பயிர் பண்ணிக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

சாவித்திரியும் சொல்லி அனுப்பினாள். துரைராசு கலப்பையை எடுத்துக்கொண்டு போனான். ஆனால் குத்தகைக்காரனை விரட்டிய நிலத்தில் யாரும் இறங்குவதில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் முடிவு செய்திருந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிப்போனது. நடவுக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. கிழக்கே ஓர் ஊரில் கூலித் தகராறு முற்றிக் குடிசைகள் எரிந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். துரைராசின் மனைவி அம்சம் ஒரு மத்தியானம் கொல்லைப்புறம் வந்து நின்றாள். எதுவும் கேட்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். மறுநாள் சாவித்திரி துரைராசைக் கூப்பிட்டு, "நீயே உழுதுக்க. ஐயாவுக்குத் தெரிய வேணாம். வீட்டுப் பக்கம் வந்தா சத்தமாப் பேசாதே" என்றாள். கணவரிடம், கூலியாள் வைத்து நடவு முடிந்தது என்றாள். குத்தகை நெல்லைக் கொல்லை வழியாக இறக்கிக்கொண்டாள்.

"அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லைங்க" என்றாள் சாவித்திரி, தட்டைத் தேய்த்தபடி. "அப்புறம் பதிவு பண்ண அதிகாரி வந்தாரு. நெலத்துல நின்னுக்கிட்டு, யாரு பயிர் செய்யுறதுன்னு கேட்டாரு. அவன்தான்னு என் வாயாலேயே சொல்லிட்டேன்."

ஜன்னத் பீவி குழாயை மூடினாள்.

"கண்ணாடி போடறதுக்கு முன்னால சொல்லிடுங்கம்மா. காதால கேட்டா ஒரு மாதிரி. கண்ணால பாத்துட்டா அது வேற மாதிரி."

"கோபம் வந்து கத்திட்டாருன்னா? தையல் பிரிஞ்சிடுமாமே."

"தையல் ஆறினதும் சொல்லுங்க" என்றாள் ஜன்னத் பீவி.

கட்டு அவிழ்த்து, பச்சைத் துணி மறைப்பு ஒன்றைக் கண்ணுக்கு மேல் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை மாதம் கழித்து வந்தால் கண்ணாடி. அதுவரை வெயில் ஆகாது, பாரம் ஆகாது, தலைக்குத் தண்ணீர் ஆகாது.

மருதங்கால் கிராமத்து வீட்டில் அந்த ஒன்றரை மாதமும் இரண்டு பேருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். கண்ணாடி இல்லாமலே வெளிச்சம் உள்ளே கொட்டியது. உருவம் கலங்கலாகத்தான் இருந்தது, ஆனால் நிறம் தெரிந்தது. முக்கியமாக நீலம்.

"இந்தச் சேலை என்ன கலரு?"

"நீலங்க. பழசுதான்."

"நான் சாம்பக் கலருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று அந்த முந்தானையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு மறைப்பைத் தூக்கி ஆகாசத்தைப் பார்த்தார். அவள் ஓடிவந்து மறைப்பை இறக்கிவிட்டாள்.

அவளுக்கோ ஒரு வேலையும் ஓடவில்லை. சாதம் குழைந்தது, பால் பொங்கி வழிந்தது. சொட்டு மருந்து விடும்போது அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். இமையை விரித்ததும் ஓரத்தில் அந்தச் சிவப்பு தெரியும். இன்னும் ஆறவில்லை, நாளைக்குச் சொல்லலாம். சிவப்பு போனது. கண் இன்னும் பொங்குகிறதே, அது நிற்கட்டும். அதுவும் நின்றது. கண்ணாடி வந்து, அவர் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னால் கோபம் குறைவாக இருக்கும் என்று தோன்றியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் துரைராசோ என்று தூக்கிவாரிப் போடும். அவன் வருவதில்லை. ஊர் திரும்பியதுமே அவள்தான் வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தாளே.

"கண்ணாடி வந்ததும் மொதல்ல வாய்க்கா பங்குக்குத்தான் போகப் போறேன்" என்றார் ஒரு நாள். "நீ சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். சரியாச் சொன்னியான்னு பாக்கணும்."

"பாருங்களேன்" என்றாள்.

மார்கழிக் கடைசியில் கண்ணாடி வந்தது. வலது பக்கம் சோடாபுட்டி அடி போலத் தடித்த சில்லு, இடது பக்கம் வெறும் கண்ணாடி. மாட்டிக்கொண்டதும் அமிர்தலிங்கம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். உரக்கடைப் பலகை, சுவரில் உதயசூரியன் படம், அதற்குக் கீழே போன தேர்தலின் அழியாத எழுத்து. பாபநாசம் தாண்டி ஒரு மதகுச் சுவரில் சிவப்பில் எழுதியிருந்ததை, "உழுபவனுக்கே நிலம்" என்று படித்துச் சிரித்தார். "எழுத்து மட்டும் மணிமணியா எழுதறானுங்க."

சாவித்திரி பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

கண்ணாடி அவர் நினைத்த மாதிரி இல்லை. எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரிந்தது. செம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றிய தண்ணீர் டம்ளருக்கு வெளியே கொட்டியது. வாசற்படி கைக்கெட்டும் உயரத்துக்கு எழும்பி நின்றது, கால் வைத்தால் கீழே கிடந்தது. நேரே பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் யாராவது நடந்து வந்தால் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து திடுமென்று முளைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பார்த்தது உத்தரத்து ஒட்டடையை. பிறகு சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கை. கடைசியில் அவளை. நன்றாகத் தலையைத் திருப்பி, நேரே வைத்துப் பார்த்தார்.

"இளைச்சுட்டே" என்றார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை அடக்கவே நேரம் சரியாகப் போயிற்று. விடிந்ததும் சொல்லிவிடுவது, காப்பி கொடுக்கும்போதே சொல்லிவிடுவது என்று சுவாமி படத்துக்கு முன் நின்று முடிவு செய்துகொண்டாள்.

விடிந்து, அவள் கொட்டிலில் பால் கறந்துவிட்டு வந்தபோது கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. கைத்தடி சுவரில் சாய்ந்தபடி இருந்தது. ஆள் இல்லை.

பால் செம்பை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஓடினாள். இந்த வயதில் வரப்பில் ஓடுவதை நாலு பேர் பார்த்திருப்பார்கள். வாய்க்கால் பங்கின் தலைமாட்டில் அமிர்தலிங்கம் நின்றிருந்தார். ஒரு கால் வரப்பில், ஒரு கால் சேற்றில். பனியில் சம்பாக் கதிர் தலை சாய்ந்து, பச்சை மாறிப் பழுக்கத் தொடங்கியிருந்தது. எதிரே மடையில் குனிந்து தண்ணீரை வடிய விட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். துரைராசு. மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"ஐயா… கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"

"நீ இங்க என்ன பண்றே?"

"தண்ணி வடிய விடறேங்க."

"யாரு வயலுக்கு?"

துரைராசு அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தான். அமிர்தலிங்கம் தலையை மெதுவாகத் திருப்பினார். மூச்சு வாங்கிக்கொண்டு சாவித்திரி நின்றாள்.

"அவன்தாங்க பயிர் செய்யுறான்" என்றாள். "அன்னிலேருந்து அவன்தான். நெலத்துல ஆள் எறங்கலை. நான்தான் அவனை வரச் சொன்னேன். பதிவு பண்ண வந்தவருகிட்டயும் நான்தான் சொன்னேன்."

அவள் பார்த்தது அவருடைய கழுத்து நரம்பை. அது புடைக்கப் போகிறது, இப்போது கத்தப் போகிறார் என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டிவிட்டாள். அவர் கத்தவில்லை.

"தெனம் சாயங்காலம் வந்து உக்காந்து சொன்னியே. தூரு கட்டியிருக்கு, பொதி கட்டியிருக்குன்னு. அத்தனையும் பொய்யா?"

"பயிரைப் பத்தி ஒரு நாளும் பொய் சொன்னதில்லீங்க. ஆளைப் பத்தித்தான் சொன்னேன்."

அவர் திரும்பி நடந்தார். அவள் கை நீட்டினாள், பிடிக்கவில்லை. கண்ணுக்கு ஓரிடத்திலும் காலுக்கு ஓரிடத்திலும் வரப்பு இருந்தது. இரண்டாம் எட்டிலேயே சறுக்கி முழங்கால் அளவு சேற்றில் இறங்கினார். துரைராசு பதறி ஓர் அடி வைத்தான். அவர் அவனைப் பார்க்காமலே கையைத் தூக்கித் தடுத்துவிட்டு, வரப்பை விட்டு வாய்க்காலில் இறங்கித் தண்ணீரிலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து அவளிடம் பேச்சில்லை. போட்டதைச் சாப்பிட்டார். சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொண்டார். பாதி மூக்கில் விழுந்தது, பாதி கன்னத்தில் ஓடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு தூணருகில் நிற்பாள். பேசாமல் இருப்பதைவிட அந்த மருந்து வீணாவதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

பிறகு அவர் செய்த காரியம் அவள் எதிர்பாராதது. தண்ணீர் முறைத் தகராறில் பேச்சுவார்த்தை விட்டுப்போன சித்தப்பா மகன் சாமிதுரை வீட்டுக்குத் தானே நடந்து போனார். சாமிதுரை மிராசுதாரர் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். மறுநாளே அவன் வந்து கூடத்தில் உட்கார்ந்தான்.

காப்பி கொண்டுபோய் வைத்த சாவித்திரியிடம், "அண்ணி, பொம்பளைங்க பண்ற வேலையா இது? அண்ணன் கண்ணு தெரியாம இருந்த நேரத்துல" என்றான்.

"நாத்து முத்திக் கெடந்தப்ப நீங்க வந்து நட்டுக் கொடுத்திருக்கலாமே, தம்பி" என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சு அவள் காதில் விழுந்தது. பொங்கல் கழிந்ததும் வெளியூரிலிருந்து லாரியில் அறுப்பு ஆள் கொண்டுவருவது. ஒரே காலையில் வாய்க்கால் பங்கை அறுத்து, கட்டு கட்டி இந்த வீட்டுக் களத்தில் போடுவது. நிலத்தின் அனுபவம் நம் கைக்கு வந்துவிட்டால் பிறகு பதிவையும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

"அறுத்துக் கொண்டாந்து போடறதோட சரி. எவன் மேலயும் கை படக் கூடாது" என்றார் அமிர்தலிங்கம்.

"படாதுண்ணே. நான் இருக்கேன்ல" என்றான் சாமிதுரை.

பொங்கல் பானை வைத்த கையோடு சாவித்திரி துரைராசு வீட்டுக்குப் போனாள். அதற்கு முன் அந்தத் தெருவுக்குள் அவள் போனதில்லை. அம்சம் பதறிப்போய்ப் பாயைத் தட்டிப் போட்டாள். துரைராசு உட்காராமல் நின்றான்.

"எங்களுக்கும் காதுக்கு வந்துச்சும்மா. சங்கத்துல சொல்லியாச்சு. எல்லாரும் வந்து வரப்புல உக்காருவாங்க."

"உக்காருங்க. கம்பு, தடி எதையும் எடுத்துக்கிட்டு வராதீங்க. ஒங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

"அவங்க எடுத்துக்கிட்டு வந்தா?" என்று கேட்டாள் அம்சம்.

சாவித்திரி எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. தன் வாய் ஒரு முறை பொய் சொன்னது, ஒரு முறை உண்மை சொன்னது. இரண்டும் சேர்ந்து இத்தனை பேரை ஒரு வரப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறதே என்று நினைத்தாள். நன்னிலத்தில் கட்டிக் கொடுத்திருந்த மகள் நீலாம்பாள் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

அந்தக் காலையில் பனி விலகவில்லை. வாய்க்கால் பாலத்தில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதும் அமிர்தலிங்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாவித்திரி கதவைக்கூடச் சாத்தாமல் பின்னாலேயே போனாள். வாய்க்கால் பங்கின் வரப்பில் ஆணும் பெண்ணுமாக நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கழியில் செங்கொடி. அம்சம் முன் வரிசையில் இருந்தாள். யார் கையிலும் ஒன்றுமில்லை.

சாமிதுரை லாரிக்குப் பக்கத்தில் நின்றான். ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். அறுப்புக்கு வருகிற பெண் ஒருத்தியும் இல்லை, எல்லாம் வாட்டசாட்டமான ஆம்பளைகள். ஆளுக்கொரு சாக்குச் சுருட்டு கையில். அமிர்தலிங்கம் அவர்கள் முன்னால் போய் நின்றார். கண்ணாடிக்காரர் என்பதால் ஒவ்வொருவரையும் தலையைத் திருப்பித் திருப்பி, முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முகம் பார்த்தார். கை பார்த்தார். பிறகு குனிந்தார். கீழே கிடந்த ஒரு சாக்குச் சுருட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே நீளமான வீச்சரிவாள்.

அதை அவர் தொடவில்லை. பக்கத்துச் சுருட்டையும் இழுத்தார். அதிலும் அதேதான்.

"சாமிதுரை, நெல்லு அறுக்க வந்தவன் கையில கருக்கருவா ஒண்ணுகூட இல்லியே."

"ஒரு பாதுகாப்புக்குத்தாண்ணே."

"எதை அறுக்கப் போறீங்க?"

சாமிதுரை கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "நீங்க வீட்டுக்குப் போங்க. இத்தனை நாள் பாக்காமத்தானே இருந்தீங்க. இன்னிக்கு ஒரு நாளும் பாக்காம இருந்துடுங்க."

அமிர்தலிங்கம் கத்தினார். மூன்று வருஷத்துச் சத்தமும் அதில் இருந்தது. "என் வயலுடா! ரத்தம் விட்டுப் பயிர் பண்றதுக்கு நான் ஒன்னையக் கூப்பிடலை! ஏத்துடா ஆளை! திருப்புடா லாரியை!"

கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. முகம் சிவந்தது. லாரி, அரிவாள், வரப்பில் எழுந்து நிற்கிற கூட்டம் எல்லாம் சாவித்திரிக்கு மறந்துபோயிற்று. அவர்களுக்கு நடுவே பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

"கத்தாதீங்க! ஐயோ, கண்ணு! தையல் பிரிஞ்சிடும், கத்தாதீங்க!"

ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து முளைத்தவளைப் பார்த்து அவர் ஒரு கணம் திடுக்கிட்டார். பிறகு அதே குரலில் அவளைப் பார்த்துக் கத்தினார்.

"தையல் எப்பவோ ஆறிப்போச்சுடீ!"

அத்தனை நாளைக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. லாரிக்காரன் சிரித்துவிட்டான். ஆனால் வண்டியைத் திருப்பத் தயாராகி ஸ்டீயரிங்கில் கை வைத்தான். நிலத்துக்காரரே வேண்டாம் என்றபின் யார் பேரைச் சொல்லி இறங்குவது என்று வந்தவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஒருவன் சாக்கைச் சுருட்டி மறுபடி லாரியில் எறிந்தான். சாமிதுரை காறித் துப்பினான். "பொண்டாட்டி கையால கண்ணு தொறந்தவரு. வேற எப்படி இருப்பாரு" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

அமிர்தலிங்கம் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். துரைராசு வந்து சற்றுத் தள்ளி நின்றான். அவர் கண் கதிர் மேலேயே இருந்தது. அவன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். வெயில் ஏறியதும் அந்தக் கூட்டமே வயலில் இறங்கி அறுக்க ஆரம்பித்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கடைசிக் கட்டு கட்டும்வரை பார்த்தார்.

அந்த வருஷம் குத்தகை நெல் கொல்லை வழியாக வராமல் வாசல் வழியாக, பட்டப்பகலில் வண்டியில் வந்தது. அமிர்தலிங்கம் ஒரு பிடி அள்ளிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து ஊதினார். பதர் பறந்தது. "கருக்கா ஜாஸ்தி" என்றார். துரைராசு, "தலைமாட்டு மூலைங்க ஐயா" என்றான். "தெரியும்" என்றார். அவர்கள் இருவருக்கும் இடையில் பேச்சு அதற்கு மேல் வளரவில்லை. குறையவும் இல்லை.

சாவித்திரியிடம் அப்படி முடியவில்லை. அவர் இப்போது எல்லா இடத்துக்கும் தானே போனார். சாயங்காலம் ஆனால் அவளுக்குக் கால் தானாக வயல் பக்கம் கிளம்பும், பிறகு எதற்கு என்று நின்றுவிடும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் நேராகவே கேட்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, அப்பவே?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே சாமிதுரைகிட்ட போயிருப்பீங்க."

"போயிருப்பேன்."

"அன்னிக்கு உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க. சாக்குக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்திருப்பா?"

அவர் துண்டால் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அதுக்காக என்னைக் கூடத்துல உக்கார வச்சுக் கதை சொல்லிக்கிட்டிருந்தே" என்றார். கோபமா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். தான் செய்தது சரி என்று சொல்ல வாயெடுத்தாள். தப்பு என்று சொல்லவும் வாயெடுத்தாள். இரண்டும் வரவில்லை.

மாசி மாதத்தில் அவர் வலங்கைமானுக்குத் தனியாகப் போய்வந்தார். அவள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து ஓய்ந்து, பஸ் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறினால் என்ன செய்வார், பக்கத்தில் வண்டி வந்தால் தெரியாதே என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் சாவகாசமாக வந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

பிரித்தாள். நீலக் கண்ணாடி வளையல், ஒரு டஜன். கையில் ஏற்றிப் பார்த்தாள். விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தாள். ஒன்று உடைந்ததுதான் மிச்சம்.

"என்னங்க, இது சின்னப் பிள்ளைங்க போடறது."

அவர் துண்டோடு வந்து நின்றார். வளையலை வாங்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"கடைக்காரன் அளவு கேட்டான். நான் கண்ணாலயே பாத்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அங்க பெருசாத் தெரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாரோ என்று அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஆனால் உடைந்த சில்லை அவள் காலில் குத்தாமல் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்.

"மாத்திக்கிட்டு வரேன். அளவு என்ன?"

"நானும் வரேன்" என்றாள் சாவித்திரி. "நீங்க வரவரைக்கும் இங்க என்னால உக்காந்திருக்க முடியலை."

அவர் மீதி வளையலைக் காகிதத்தில் பழையபடி சுற்றி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, அலமாரியில் வைத்தார். "காலைல மொத பஸ்ஸு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.